நாவக்கரட்டில் ஒரு சவுண்ட் செக்

நாவக்கரட்டு எல்லையில் இசைக்குழுவின் வேன் நின்றதும் இஸ்மாயில் இறங்கி, ஹாரன் ஃபியூஸைக் கழற்றி ஒலிச்சாவடிப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மூவருக்கும் கம்பளிச் செருப்பு நீட்டினாள். கதவு விளிம்புகளில் ரப்பர் பட்டை பிய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். சென்னையிலிருந்து கோவைக்கும் மதுரைக்கும் போகிற வழியில் சிற்றூர்களைக் கடக்கும்போதெல்லாம் நடக்கிற சடங்குதான் இது. பின்சீட்டில் ஆல்வின் பெரிதாகத் தும்மினார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தும்மலுக்கும் நாய்க்கும் கைக்குழந்தைக்கும் விலக்கு உண்டு, மற்றபடி ஒலிமானியில் போட்ட கோட்டைத் தாண்டுகிற எந்தச் சத்தமும் ஊர்க் கணக்கில் ஏறும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். மூவரும் தலையாட்டினார்கள். பல சாவடிகளில் இதையே கேட்டவர்கள் அவர்கள். பல தடவை கேட்டதை யாரும் காதில் வாங்குவதில்லை.

தேனீக்கள் அழிந்த பிறகு பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பது மகரந்திகளின் வேலையாகிவிட்டது. கடுகளவு ட்ரோன்கள். கூட்டமாகப் பறந்து, ஒன்றின் ரீங்காரத்தை மற்றொன்று கேட்டு வழி கண்டுபிடிப்பவை. பக்கத்தில் ஒரு வேட்டு வெடித்தால் போதும், ஒரு பகுதி திக்குத் தெரியாமல் சிதறித் தோட்டத்து மண்ணில் விழும். விழுந்தது எழாது. ஓர் ஊரின் மகரந்திக் கூட்டம் ஒரு வருடத்தில் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்று பார்த்து, அதை அந்த ஊரின் ஒலிப்பங்கு என்று வகுத்திருந்தார்கள். பங்கைத் தாண்டினால் அபராதம் கிடையாது, சிறை கிடையாது. காய் பிடிக்காது, அவ்வளவுதான். ஆகவே சிற்றூர்களில் மனிதர்கள் மரத்தட்டில் சாப்பிட்டு, சைகையில் சண்டை போட்டு, கிசுகிசுத்தே பிள்ளை வளர்த்தார்கள்.

நகரங்கள் தப்பித்துக்கொண்டன. அங்கே நிலத்துக்கு அடியில் பஞ்சுச் சுவர் வைத்து அடைப்பரங்குகளைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே என்ன கத்தினாலும் வெளியே ஓர் எறும்புக்குக் கேட்காது. தகரக்கூரை என்ற ராக் இசைக்குழு பிறந்து வளர்ந்தது அந்த அரங்குகளில்தான். பெரம்பூர்ப் பிள்ளைகள் மூவர்: பாட்டும் கிட்டாரும் தமயந்தி, டிரம்ஸ் ஆல்வின், பேஸ் கிட்டாரும் வேன் ஓட்டுவதும் இஸ்மாயில். எந்த நிறுவனத்துக்கும் கை நீட்டாமல், தாங்களே பாட்டு எழுதி, தாங்களே பதிவு செய்து, தாங்களே ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள். முதல் சில வருடங்கள் கூட்டம் அலைமோதியது. பிறகு கூட்டத்துக்கு வயதாகி, கல்யாணமாகி, முட்டிவலி வந்துவிட்டது. கடைசியாகச் சேலத்தில் வாசித்தபோது, அரங்கிலிருந்த சொற்பப் பேரும் குளிர்சாதனத்துக்காக வந்தவர்கள் என்று தமயந்திக்குச் சந்தேகம்.

அந்த நேரத்தில்தான் நாவக்கரட்டிலிருந்து மயிலாத்தாள் என்ற பெண் கூப்பிட்டாள். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, பாறைக்குன்றான கரட்டின் அடியில், முருங்கையை நம்பி வாழ்கிற ஊர். அவள் அங்கே காய் தரம் பிரிக்கிற கொட்டகையை நடத்துகிறவள். தகரக்கூரையின் எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்றாள். திறந்த வெளியில் ஒரு கச்சேரி வைக்க ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது, வருவீர்களா என்று கேட்டாள். திறந்த வெளி! ஆல்வினுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து பஞ்சுப் பெட்டிக்குள் வாசித்தவருக்கு வானத்துக்கு அடியில் வாசிப்பது என்பது கல்யாணக் கனவுபோல. ஊர் எப்படி ஒத்துக்கொண்டது, எதை விட்டுக்கொடுத்து ஒத்துக்கொண்டது என்று மூவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கலைஞர்களுக்கு அந்த மாதிரி விஷயங்கள் தோன்றாது என்பது அவர்களே பரப்பி வைத்திருக்கிற வதந்தி.

மயிலாத்தாள் ஊர் முகப்பில் காத்திருந்தாள். முப்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். வணக்கம் சொன்ன கையோடு அவர்களைக் களத்துக்குக் கூட்டிப் போனாள். களத்தில் மேடை தயாராக இருந்தது. காய் உலர்த்துகிற பெரிய களம், சுற்றிலும் முருங்கைத் தோட்டம், பின்னால் கரடு. சாயங்காலம் கச்சேரி, அதற்குள் சாப்பாடு செய்துவிடுகிறேன் என்றாள். போகிறவள் திரும்பி வந்து, முதல் தொகுப்பில் வந்த 'உப்புத்தண்டவாளம்' பாட்டைப் பாடுவீர்களா என்று தயங்கிக் கேட்டாள். அதை அவர்கள் வாசித்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆல்வின், "உனக்காக அதான்மா கடைசிப் பாட்டு" என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் அவர் கர்ணன்.

இங்கே ஆல்வினின் சவுண்ட் செக் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றக் குழுக்கள் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடும். தகரக்கூரை அப்படியில்லை. ஆரம்ப காலத்தில் கோவையில் ஒரு முறை பாதிக் கச்சேரியில் டிரம்ஸ் மைக் செத்துப்போய், ஆல்வின் சுத்தியல் அடிக்கிற தச்சர்போல மேடையில் உட்கார்ந்திருந்தார். அந்த அவமானத்திலிருந்து சவுண்ட் செக் அவருக்கு ஒரு பூசை. ஒவ்வொரு டிரம்மையும் முழு வேகத்தில், திருப்தி வரும்வரை அடிப்பார். அவர் அடிக்கிற நேரமெல்லாம் தமயந்தி மைக்கில் எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பட்டினியோடு மேடையேறிய காலத்துப் பழக்கம், அவள் டிபன் அயிட்டங்களைத்தான் சொல்லுவாள். அடைப்பரங்கில் இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

அன்று மதியம் ஆல்வின் முதல் அடியை அடித்தார். சத்தம் களத்தைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, கரட்டில் மோதித் திரும்பி வந்தது. ஆல்வின் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தார். அத்தனை வருடம் அடித்தும் தன் டிரம்ஸ் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியாமலிருந்தது. மறுபடி அடித்தார். கரடு மறுபடி பதில் சொன்னது. அப்புறம் அவர் நிறுத்தவில்லை. இஸ்மாயிலும் சேர்ந்துகொண்டார். தமயந்தி கிட்டாரின் ஒலியைக் கூட்டிவிட்டு, "இட்லீ... வடே... பொங்கல்... கெட்டிச் சட்னி" என்று கரட்டைப் பார்த்துக் கத்தினாள். கரடு 'சட்னி, சட்னி' என்றது. மூவரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்துப் பல காலமாகியிருந்தது.

சந்துகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொட்டகையிலிருந்து தலையில் துண்டோடு பெண்கள் வந்தார்கள். பாதிச் சவரத்தில் ஒருவர் சோப்பு நுரையோடு வந்தார். யாரும் பேசவில்லை, அருகில் நெருங்கவுமில்லை. களத்தின் விளிம்பில் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கைகளைக் கூப்பிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் தமயந்திக்கு உற்சாகம் தாங்கவில்லை, பூரிக்கும் மசால் தோசைக்கும் ராகம் போட்டு இழுத்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய மீசைக்காரர் மேடை அருகே ஓடி வந்து வெள்ளைத் துண்டை உயர்த்தி ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் சுழற்றினார். ஆல்வின் வாழ்க்கையில் எந்த ரசிகரும் அவருக்காகத் துண்டு சுழற்றியதில்லை. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தலையாட்டி, இன்னும் பலமாக அடித்தார். மீசைக்காரர் சுழற்றச் சுழற்ற இவரும் விடவில்லை.

கடைசியில் திருப்தி வந்து நிறுத்தினார். கரடும் நிறுத்தியது. கூட்டம் சத்தமில்லாமல் கைகளை மேலே தூக்கி விரல்களை அசைத்தது, அந்த ஊரில் கைதட்டல் அதுதான். பிறகு எல்லாரும் நிறைந்த முகத்தோடு கலைந்து போனார்கள். கொட்டகைப் பெண்களில் ஒருத்தி, செல்லாத்தாள் என்று பெயர், தமயந்தியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த இட்லி வடைப் பாட்டில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்று கிசுகிசுத்தாள். தமயந்தி அது கேலி என்று நினைத்துச் சிரித்தாள். செல்லாத்தாள் சிரிக்கவில்லை. தமயந்தி சிரிப்பை நிறுத்திவிட்டு ஆல்வினைத் திரும்பிப் பார்த்தாள்.

மீசைக்காரர் மேடைக் காலடியிலேயே நின்றிருந்தார். பெயர் குப்புசாமி, ஊரின் ஒலிமானியைப் பார்த்துக்கொள்பவர். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அவர் தன் தப்புபோலத் தலை குனிந்துகொண்டு கேட்டார்.

"துண்டக் காட்டுனேனுங்களே தம்பி. பாக்கலீங்களா?"

"பார்த்தேண்ணே," என்றார் ஆல்வின். "சந்தோஷத்துல சுத்துறீங்கன்னு நெனச்சேன்."

இந்தப் பக்கத்து ஊர்களில் வெள்ளைத் துண்டு உயர்ந்தால் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். முதலில் உயர்த்தியது பங்கில் பாதி போனபோது. இரண்டு கையாலும் சுழற்றியது அடிவண்டல் தெரிந்தபோது. இனி ஒரு பாட்டை எடுத்தால் பல்லவிக்குக்கூடக் காணாது என்றார் குப்புசாமி. அது சவுண்ட் செக்தான், கச்சேரி இனிமேல்தான் என்று சொல்ல ஆல்வின் வாயைத் திறந்தார். சொல்லி முடிக்கவில்லை. "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஊத்திட்டமேடா," என்றார் இஸ்மாயில், வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த நெய் எங்கிருந்து வந்தது என்பதைக் குப்புசாமி சொன்னார். சொல்ல மனமில்லாமல், இஸ்மாயில் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னார். மாரியம்மன் நோம்பிக்கு இந்த வருடம் உருமி அடிக்கவில்லை. கல்யாணங்களில் நாதஸ்வரம் உறையை விட்டு வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் மயிலாத்தாள் வீடு வீடாகக் கெஞ்சித்தான் நிறுத்தி வைத்திருந்தாள். அதோடு இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: செத்தவருக்குக் கடைசிச் சத்தம். உயிரோடிருக்கும்போது அவரவர் விருப்பத்தைச் சொல்லி வைப்பார்கள். சிலர் வேட்டு கேட்பார்கள், சிலர் பறை, ஒருத்தி தன் பேத்தி வாய்விட்டு அழ வேண்டும் என்று கேட்டிருந்தாள். உடலை எடுக்கும்போது ஊர்ப் பங்கிலிருந்து அதைக் கொடுத்து அனுப்புவார்கள். போன மாதம் மயிலாத்தாளின் அப்பா நாச்சிமுத்து இறந்துபோனார். லாரி ஓட்டியவர். அவர் கேட்டிருந்தது தன் பழைய லாரியின் ஏர் ஹாரன். சத்தம் கட்டுக்குள் வராத காலத்தில், அவர் கரட்டு முனையில் திரும்பும்போது ஒரு மெட்டுப் போட்டு அடிப்பாராம். ஊருக்கு இரண்டு நீட்டல், கடைசியில் மகளுக்கு ஓர் இழுப்பு: அப்பன் வந்துட்டேன், படலைத் திற. அந்த ஹாரனை வேண்டாம் என்று சொன்னது மகளேதான். கச்சேரிக்குக் குறைந்துவிடும் என்று, அப்பனைச் சத்தமில்லாமல் எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள்.

ஆல்வின் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அந்த ஊரில் பூமி பிளந்தால் அதுவும் கணக்கில் ஏறும். கரடு எதிரொலித்ததும் தான் பல்லைக் காட்டியதும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மற்ற இருவரும்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் தமயந்தி எழுந்து, ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றாள். மூவரும் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனார்கள்.

அவள் அடுப்படியில் அவர்களுக்காகக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. களத்தில் நடந்ததை அவளும் நின்று பார்த்திருக்கிறாள். கச்சேரியை முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவளுக்கு மட்டும்தான் அது கச்சேரி இல்லை என்று தெரியும், எல்லாப் பாட்டும் மனப்பாடமானவள் அல்லவா. ஏன் நிறுத்தவில்லை என்று இஸ்மாயில் கேட்டதற்கு, ஊரே கும்பிட்டு நிற்கும்போது நடுவில் போய் எப்படிச் சொல்வது என்றாள். ஊருக்குச் சொல்லப் போகிறோம் என்று தமயந்தி ஆரம்பித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேண்டாங்க்கா. அப்படி எதுவும் சொல்லீராதீங்க."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"ஊரு மனசு நெறஞ்சு கெடக்குதுங்க. நோம்பியத் தியாகம் பண்ணுனாங்க, கல்யாணத்தத் தியாகம் பண்ணுனாங்க. இப்பப் போயி அது பாட்டே இல்ல, மைக்கு சரி பாத்தோம்னு சொன்னா அவங்க எங்க போயி முட்டிக்குவாங்க?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாந்தானுங்க எல்லாத்தையும் கெஞ்சி ஒத்துக்க வெச்சேன். நாளைக்கும் நான் இதே தெருவுலதான் நடக்கோணும்."

தமயந்தி தரையைப் பார்த்தாள். ஒலிபெருக்கி இல்லாமல், கோட்டுக்குக் கீழே, உனக்கு மட்டுமாவது 'உப்புத்தண்டவாளம்' பாடட்டுமா என்று கேட்டாள். மயிலாத்தாள் சிரிக்கப் பார்த்தாள், அது சரியாக வரவில்லை.

"மெல்லக் கேக்கறதத்தானுங்கக்கா இத்தன வருசமாக் காதுக்குள்ள கேட்டுட்டு இருக்கறேன். ஒருக்காவாச்சும் ஊரதிரக் கேக்கோணும்னுதான் கூப்பிட்டேன்."

ஆல்வின் மீதியிருக்கிற சத்தத்தைப் பற்றிச் சொன்னார். அது உங்கப்பாவுக்குத்தான் என்றார். ஏதோ தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல அது அவர் காதுக்கே கேட்டது. மயிலாத்தாள் தலையாட்டினாள். அதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கச்சேரி அமோகமாக முடிந்தது, மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, நாச்சிமுத்துவுக்குக் கொடுக்காமல் விட்ட சத்தத்தைக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பங்கு போதுமா என்று இஸ்மாயில் கேட்டார். போதும் போலத்தான் இருக்கிறது என்று குப்புசாமி அண்ணன் சொன்னார் என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் மறுபடியும் களத்தில் கூடியது. முதலில் தகரக்கூரைக்குப் பாராட்டு. மூவருக்கும் சால்வை போர்த்தினார்கள். இவ்வளவு பெரிய கலைஞர்கள் இந்தக் கரட்டடிக்கு வந்து, மனசு விட்டு வாசித்தது ஊர் செய்த பாக்கியம் என்று ஒருவர் மெல்லிய குரலில் பேசினார். இட்லி என்றும் வடை என்றும் எளிய சொற்களில் பசித்தவன் பாட்டைப் பாடினார்கள் என்று அவர் விளக்கவும் செய்தார். கூட்டம் கைகளைத் தூக்கி விரல் அசைத்தது. எத்தனையோ மேடைகளில் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்த மூவருக்கும் அதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. தமயந்தி சால்வை முனையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள். கும்பிட்ட கையை முகத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டாள். உண்மை அவள் தொண்டை வரை வந்தது, மயிலாத்தாளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

பிறகு கொட்டகையிலிருந்து நாச்சிமுத்துவின் லாரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் எப்போதோ செத்துவிட்டது, ஹாரனுக்குக் காற்று மட்டும் ஏற்றியிருந்தார்கள். முன் கண்ணாடியில் மாலை. விருந்தாளி கையால் அடிப்பது கௌரவம் என்று பெரியவர்கள் ஆல்வினைக் கூப்பிட்டார்கள். ஆல்வின் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். இந்த ஊரில் இனி எந்தச் சத்தத்தையும் என் கையால் எழுப்ப மாட்டேன் என்று சொல்ல நினைத்து, "மக அடிக்கட்டும்ணே" என்று மட்டும் சொன்னார். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு ஊர் விரல் அசைத்தது.

மயிலாத்தாள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். குப்புசாமி ஒலிமானியைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்கு எதிரில் நின்றார். அவள் ஹாரனை அழுத்தினாள். முதல் நீட்டல் தோட்டங்களுக்கு மேலே போய்க் கரட்டைத் தொட்டுத் திரும்பியது. வயதானவர்கள் சிலர் தலையை நிமிர்த்தி, கரட்டு முனைப் பக்கம் பார்த்தார்கள், அங்கிருந்து லாரி வரும் என்பதுபோல. இரண்டாவது நீட்டலும் முடிந்தது. மயிலாத்தாள் மூச்சை இழுத்துக்கொண்டு, தன் பங்கான அந்தக் கடைசி இழுப்புக்குக் கையை வைத்தாள்.

குப்புசாமி வெள்ளைத் துண்டை உயர்த்தினார்.

அவர் சுழற்றக்கூட இல்லை, தோளுக்கு மேலே லேசாகத்தான் தூக்கினார். மயிலாத்தாள் அந்தக் கணமே கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் காத்திருந்தது. மெட்டு அந்தரத்தில் நின்றது. மீதி வராது என்று புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு ஹாரன் இழுப்பு எவ்வளவு இருக்கும்? மதியம் காலால் மிதிக்கிற டிரம்மை நான்கு தடவை கூடுதலாக அடித்ததில் அது கரைந்திருக்கும் என்று ஆல்வினுக்குத் தெரியும். பொங்கலுக்கு அப்புறம் கெட்டிச் சட்னியைச் சொல்லாமல் விட்டிருந்தால் போதும் என்று தமயந்திக்கும் தெரியும். நின்றுபோன தாளத்தை ஆல்வினின் விரல்கள் தாமாகவே தொடையில் போட்டு முடிக்கப் பார்த்தன. அவர் விரல்களை மடக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மயிலாத்தாள் லாரியிலிருந்து இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை, மாலையை மட்டும் சரி செய்தாள். ஊர் அவளைச் சுற்றி நின்றுகொண்டது. செல்லாத்தாள் துணி சுற்றிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து ஆல்வின் கையில் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, நாச்சிமுத்துவுக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கிட்டே வந்து ஆறுதலாகச் சொன்னாள்:

"போகுது விடுங்க. உங்க பாட்டையாச்சும் முழுசாக் கேட்டமில்லீங்க."